தீபாவளி வேண்டும், தீக்காயம் வேண்டாம்

(ஆரம்ப சுகாதார நிலையத்தில் நடந்த குடும்ப நலக் கூட்டத்தில் சமுதாய சுகாதார செவிலியர் ஆற்றிய உரை)



வழக்கமாக இந்தக் கூட்டங்களில் கர்ப்பிணிகளின் சாப்பாடு, குழந்தைகளுக்குத் தடுப்பூசி, ஒரு பிள்ளைக்கும் அடுத்த பிள்ளைக்கும் போதிய இடைவெளி என்றுதான் பேசுவேன். இன்றைக்கு வேறு ஒரு விஷயம் பேசப் போகிறேன். ஐப்பசியில் தீபாவளி, கார்த்திகையில் தீபம், மார்கழி கடைசி நாளில் போகி. மூன்று மாதத்துக்குள் மூன்று பண்டிகை. மூன்றிலும் நெருப்பு உண்டு. அந்த நெருப்பிலிருந்து நம் வீட்டையும் பிள்ளைகளையும் எப்படிக் காப்பாற்றுவது என்பதுதான் இன்றைய பேச்சு.

"குடும்ப நலத்துக்கும் பட்டாசுக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. பத்து மாதம் சுமந்து பெற்று, தாய்ப்பால் கொடுத்து, ஊசி போட்டு, காய்ச்சல் வந்தால் இராக்கண் விழித்து வளர்க்கிறோம். அப்படி வளர்த்த பிள்ளையின் கையோ கண்ணோ ஒரு நிமிட கவனக் குறைவில் போய்விட்டால், அது அந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய கேடு! பிள்ளையைப் பெறுவது மட்டும் குடும்ப நலம் அல்ல. பெற்ற பிள்ளையை ஊனமில்லாமல் ஆளாக்குவதும் குடும்ப நலம்தான்.

ஒரு பையனுக்கு நேர்ந்தது

என் பணிக் காலத்தில் நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். ஊர் பேர் வேண்டாம்.

கணவன், மனைவி இருவரும் கூலி வேலை. இரண்டு பிள்ளைகள். மூத்தது பெண், ஒன்பது வயது. இளையது பையன், ஆறு வயது. தீபாவளியன்று அப்பா பக்கத்திலேயே நின்று பார்த்துப் பார்த்து வெடிக்கச் சொன்னார். ஒரு குறையும் இல்லை. ஆபத்து வந்தது மறுநாள். அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போய்விட்டார்கள். பாட்டி திண்ணையில் கண் அயர்ந்துவிட்டார். பிள்ளைகள் தெருவில் வெடிக்காமல் கிடந்த வெடிகளைப் பொறுக்கி, ஒவ்வொன்றாகப் பிரித்து, மருந்தை ஒரு நோட்டுத் தாளில் கொட்டிச் சேர்த்தார்கள். பையன் குனிந்து தீக்குச்சியைக் கிழித்து வைத்தான். குப்பென்று எழுந்த தீயில் வலது கையும் முகமும் வெந்துவிட்டன.

அலறல் கேட்டு அக்கம் பக்கத்தார் ஓடி வந்தார்கள். ஒருவர் பற்பசையைத் தடவினார். இன்னொருவர் இட்லி மாவை அப்பினார். மூன்றாமவர் பேனா மையை ஊற்றினார். எல்லோரும் நல்ல எண்ணத்தோடுதான் செய்தார்கள். ஆனால் பத்தடி தூரத்தில் இருந்த தெருக்குழாயை யாரும் திறக்கவில்லை. "தண்ணி பட்டா கொப்புளம் வந்துடும்னு சொன்னாங்கம்மா" என்று அந்தத் தாய் பிற்பாடு என்னிடம் அழுதார். நாலு நாள் பச்சிலை கட்டி வைத்திருந்து, காய்ச்சல் கண்ட பிறகுதான் என்னிடம் கொண்டு வந்தார்கள். கை வீங்கிச் சீழ் பிடித்திருந்தது.

பெரிய மருத்துவமனையில் உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். முகத்தில் புண் ஆறியது. ஆனால் கையில் புண் ஆற ஆறத் தோல் சுருங்கி, விரல்கள் உள்ளே மடங்கிக்கொண்டன. இரண்டு தடவை அறுவைச் சிகிச்சை நடந்தது. இன்று அந்தப் பையன் இடது கையால் எழுதுகிறான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்த மனிதர் மனைவியைப் பார்த்து, "நீ ஒரு நாள் வீட்ல இருந்திருக்கக் கூடாதா?" என்றார். மனைவி, "நீங்கதானே அவ்வளவு வெடியை வாங்கி வந்தீங்க?" என்றார். இருவருமே நல்லவர்கள். ஒருவரையொருவர் குற்றம் சொல்லி அந்தக் குடும்பம் ஒரு வருஷம் நிம்மதி இழந்தது. அப்படி ஒரு பேச்சு உங்கள் வீட்டில் வர வேண்டாம் என்பதற்காகத்தான் கணவன், மனைவி இருவரையும் சேர்த்து உட்கார வைத்துப் பேசுகிறேன்.

மத்தாப்பு விளையாட்டுச் சாமான் அல்ல

"வெடிதானே ஆபத்து, கம்பி மத்தாப்பு குழந்தைகள் பிடிக்கிறதுதானே" என்று நினைக்கிறோம். தண்ணீர் 100 டிகிரி சூட்டில் கொதிக்கிறது. அந்தத் தண்ணீர் பட்டாலே தோல் வழன்று போகிறது. கம்பி மத்தாப்பு எரியும்போது அதன் நுனியில் இருக்கும் சூடு 1000 டிகிரிக்கும் மேல். கொதிநீரைப் போலப் பத்து மடங்கு. அதை நாம் மூன்று வயதுக் குழந்தையின் கையில் கொடுத்து, "ஆட்டுடா கண்ணு" என்று சொல்கிறோம்! எரிந்து முடிந்த பிறகும் கம்பி சிறிது நேரம் கனன்றுகொண்டிருக்கும். அதைக் கீழே போட்டால் அடுத்த குழந்தை வெறுங்காலோடு மிதிக்கும்.

புஸ்வாணமும் அப்படித்தான். சத்தமில்லாமல் பூப்பூவாகப் பொங்குகிறது என்று நம்பிக் கிட்டே போகிறோம். சில சமயம் பொங்காமல் சட்டி வெடித்துவிடும். குனிந்து பார்த்தவர் முகத்தில் அடிக்கும். ஆகவே சத்தத்தை வைத்து ஆபத்தை அளக்காதீர்கள்.

இப்போது பசுமைப் பட்டாசு என்று பெட்டியில் முத்திரையோடு வருகிறது. அதில் புகைத்தூள் சுமார் 30 சதவீதம் குறைவு. அது நல்லதுதான். ஆனால் சூடு சூடுதான். பசுமைப் பட்டாசும் கையைச் சுடும்.

கணவன் மனைவி பேசி வைத்துக்கொள்ள வேண்டியது

நம் வீடுகளில் பட்டாசு வாங்குவது ஆண் வேலை, பலகாரம் சுடுவது பெண் வேலை என்று இருக்கிறது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது யார் வேலை? "அவள் பார்த்துக்கொள்வாள்" என்று அவர் நினைக்கிறார். "அவர் அங்கேதானே இருக்கிறார்" என்று இவர் நினைக்கிறார். இரண்டு பேருக்கும் நடுவில் பிள்ளை தனியாக நிற்கிறது.

ஆகவே ஒரு ஏற்பாடு சொல்கிறேன். பிள்ளைகள் பட்டாசு கொளுத்தும் நேரம் முழுவதும் பெற்றோரில் ஒருவர் வேறு எந்த வேலையும் செய்யாமல் கூடவே நிற்க வேண்டும். அவர் கையில் கரண்டியும் வேண்டாம், கைப்பேசியும் வேண்டாம். மற்றவர் வீட்டையும் அடுப்பையும் பார்க்கட்டும். இடையில் மாறிக்கொள்ள வேண்டுமானால், "இனி நீ பாரு, நான் உள்ளே போறேன்" என்று வாய் விட்டுச் சொல்லிவிட்டு மாறுங்கள். பத்து வயது அக்காவை நம்பி நாலு வயதுத் தம்பியை விடாதீர்கள். அவளும் குழந்தைதான்.

2018-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு, தமிழகத்தில் தீபாவளியன்று பட்டாசு வெடிக்கக் காலை 6 முதல் 7 மணி வரை, மாலை 7 முதல் 8 மணி வரை என இரண்டு மணி நேரம்தான் அரசு அனுமதித்து வந்திருக்கிறது. இதைத் தொந்தரவாக நினைக்காதீர்கள். நாள் முழுக்க எந்தத் தாயாலும் பின்னாலேயே நிற்க முடியாது. இரண்டு மணி நேரம் நிற்க முடியும் அல்லவா?

ஆண்களுக்கு ஒரு வார்த்தை. குடித்துவிட்டுப் பட்டாசுப் பக்கம் வராதீர்கள். கை நடுங்கும், கணக்குத் தப்பும். தலை தீபாவளிக்கு மாமனார் வீட்டுக்குப் போகும் மாப்பிள்ளைகளும் வெடியைக் கையிலேயே கொளுத்தி வீசி வீரம் காட்ட வேண்டாம். புது மனைவிக்கு வேண்டியது பத்து விரலும் உள்ள கணவன்.

வாங்குவதும் வைப்பதும்

உரிமம் பெற்ற கடையில், பெட்டியில் பெயரும் விவரமும் அச்சடித்த பட்டாசையே வாங்குங்கள். விலை மலிவு என்று நாட்டு வெடி வாங்கவே கூடாது. அது உரசலுக்கும் சூட்டுக்குமே வெடிக்கக் கூடியது. 2021-ஆம் ஆண்டு தீபாவளியன்று புதுச்சேரி எல்லைக்கு அருகே, நாட்டு வெடிப் பையோடு இரு சக்கர வண்டியில் வந்த ஒரு தந்தையும் அவருடைய சிறு மகனும் வழியிலேயே வெடி வெடித்து மாண்டார்கள். பண்டிகைக்குப் புறப்பட்ட இருவரும் வீடு திரும்பவில்லை.

கடன் வாங்கிப் பட்டாசு வாங்காதீர்கள். குறைவாக வாங்கினால் செலவும் குறைவு, ஆபத்தும் குறைவு.

வாங்கி வந்ததை அடுப்பங்கரைப் பரணிலோ, சாமி விளக்குப் பக்கத்திலோ, கட்டிலுக்கு அடியிலோ வைக்கக் கூடாது. மூடியுள்ள மரப்பெட்டியிலோ அட்டைப் பெட்டியிலோ போட்டு, பிள்ளைகள் கைக்கு எட்டாத, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். நமத்துப்போன வெடியை அடுப்பருகிலும் சுடுகிற தகரத்தின் மேலும் காயவைப்பது பெரும் தவறு. பிள்ளைகள் சட்டைப் பையிலும் டிரவுசர் பையிலும் வெடியைப் போட்டுக்கொண்டு திரிவதை அறவே தடுக்க வேண்டும்.

கொளுத்தும்போது கவனிக்க வேண்டியவை

1. பட்டாசை எடுக்கும் முன்பே இரண்டு வாளித் தண்ணீரும் ஒரு வாளி மணலும் வாசலில் வந்துவிட வேண்டும். எரிந்த கம்பிகளை உடனுக்குடன் தண்ணீர் வாளியில் போடுங்கள்.

2. உடம்போடு ஒட்டிய பருத்தித் துணி உடுத்துங்கள். நைலான், பாலியெஸ்டர் துணி தீப்பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். புதுத்துணியைச் சாமி முன் வைத்துக் கட்டி, பெரியவர்கள் காலில் விழுந்து ஆசி வாங்குங்கள். பட்டாசு வைக்க மட்டும் பழைய பருத்திச் சட்டைக்கு மாறிக்கொள்ளுங்கள். பெண்கள் முந்தானையை இழுத்துச் செருக வேண்டும். துப்பட்டாவையும் தாவணியையும் பின்னால் முடிந்துகொள்ள வேண்டும். கூந்தலைப் பின்னிக் கட்டுங்கள்.

3. காலில் செருப்பு இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது.

4. நீளமான ஊதுபத்தியால் பற்றவையுங்கள். குட்டையாக இருந்தால் ஒரு குச்சியின் நுனியில் கட்டிக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் நின்று, முகத்தைத் திருப்பி, கையை நீட்டி வையுங்கள். திரி பற்றியதும் பின்வாங்குங்கள்.

5. ஒரு நேரத்தில் ஒருவர், ஒரு வெடி. ஒருவர் கொளுத்தும்போது மற்றவர்கள் தள்ளி நிற்க வேண்டும்.

6. கையில் பிடித்து வெடிப்பது, தகர டப்பா, சிரட்டை, கண்ணாடிப் பாட்டிலுக்குள் வைத்து வெடிப்பது கூடாது. சிதறும் தகரமும் கண்ணாடியும் கத்தி மாதிரி பாயும்.

7. வெடிக்காத வெடியைப் "புஸ்ஸுன்னு போச்சு" என்று எட்டிப் பார்க்காதீர்கள், ஊதாதீர்கள், மறுபடி பற்றவைக்காதீர்கள். சற்று நேரம் விட்டு, எட்ட நின்றபடி தண்ணீரை ஊற்றுங்கள்.

8. கைகளில் கிருமி நீக்கி திரவம் தடவியிருந்தால் நெருப்பருகே போகக் கூடாது. அதில் உள்ள சாராயச் சத்து குப்பென்று பற்றும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும்.

மறுநாள் காலை

அந்த ஆறு வயதுப் பையனை மறந்துவிடாதீர்கள். பண்டிகை முடிந்த அன்று இரவே, பெரியவர்கள் வாசலையும் தெருவையும் பெருக்கி, வெடிக்காமல் கிடப்பதைத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். தீப்பெட்டியை எடுத்து உயரத்தில் வையுங்கள். "மருந்தைப் பிரித்துக் கொளுத்தாதே" என்று பிள்ளைகளிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். மறுநாள் வேலைக்குப் போகிறவர்கள், பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது என்று முந்தைய நாளே முடிவு செய்துவிடுங்கள்.

ஓலை வீடும் வைக்கோல் போரும்

ஓலைக் கூரைக்கு ஒரு பொறி போதும். 2004-ஆம் ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் சமையல் கூடத்தில் பிடித்த தீ ஓலைக் கூரைக்குப் பரவி, 94 குழந்தைகள் உயிரிழந்தார்கள். அதை இன்றும் நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. ஓலையில் பிடித்த தீ நமக்கு யோசிக்கக்கூட நேரம் கொடுக்காது.

குடிசைகள், வைக்கோல் போர், மாட்டுக் கொட்டகை, விறகு அடுக்கு உள்ள தெருவில் ராக்கெட் விடவே வேண்டாம். அது எங்கே போய் விழும் என்று விட்டவருக்கே தெரியாது. ஊர்ப் பொது மைதானத்திலோ, குளக்கரையிலோ எல்லோரும் சேர்ந்து வெடிக்கலாம். செலவும் பங்காகும், பத்து பேர் கண்ணும் பிள்ளைகள் மேல் இருக்கும். மாடுகளைச் சத்தம் கேட்காத பக்கமாகக் கட்டுங்கள். மிரண்ட மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு பிள்ளைகள் மேல் பாயும்.

வீட்டில் தீப்பிடித்தால் முதலில் ஆட்களை வெளியே கொண்டு வாருங்கள். புகை சூழ்ந்திருந்தால் குனிந்தோ தவழ்ந்தோ வாருங்கள். தரைப்பக்கம் புகை குறைவு. கிட்டே போக முடிந்தால் மட்டும் கேஸ் சிலிண்டரை மூடுங்கள். 101-க்குப் போன் செய்யுங்கள். பத்திரம், நகை, பணம் என்று மறுபடி உள்ளே ஓடாதீர்கள்.

கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும்

பட்டாசுப் புகையில் கந்தகமும் உலோகத் தூளும் கலந்திருக்கின்றன. கர்ப்பிணிகள், பிள்ளை பெற்று வீட்டில் இருப்பவர்கள், கைக்குழந்தை, இழுப்பு நோய் உள்ளவர்கள், வயோதிகர்கள் எல்லோரும் வெடிக்கும் நேரத்தில் உள்ளறையில் சன்னலைச் சாத்திக்கொண்டு இருப்பது நல்லது. இழுப்புக்கு உறிஞ்சும் மருந்து எடுப்பவர்கள் அதைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருங்கள். பாம்பு மாத்திரை சத்தம் போடாது, ஆனால் அதன் புகை மிக மோசமானது. அதை வாங்கவே வேண்டாம்.

விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கக் கொல்லையில் அண்டா வெந்நீர் கொதிக்கும். அந்த இருட்டில் பிள்ளைகள் ஓடியாடுவார்கள். வெந்நீர்க் காயமும் தீக்காயம்தான். அண்டாப் பக்கம் ஒருவர் இருக்க வேண்டும். விளாவும்போது வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர்.

கார்த்திகை தீபம்

அகல் விளக்கு அழகானது. ஆனால் படியிலும் வாசலிலும் வரிசையாக வைத்த விளக்குகளின் மேல் முந்தானை, பாவாடை ஓரம் படுவது மிகவும் சகஜம். ஆட்கள் நடக்கும் வழியை விட்டு ஓரமாக வையுங்கள். ஒரு விளக்குக்கு எண்ணெய் ஊற்ற இன்னொரு விளக்கின் மேல் சாயக் கூடாது. திரைச்சீலை, ஓலைத் தட்டி அருகே விளக்கு வேண்டாம். படுக்கும் முன் வெளி விளக்குகளை அமர்த்திவிடுங்கள்.

பனம்பூக் கரியை இடித்துத் துணியில் பொதிந்து மாவளி சுற்றும் வழக்கம் இன்னும் சில ஊர்களில் உண்டு. பொறி பூவாகக் கொட்டும், பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் கயிறு அறுந்தால் அது நெருப்புக் கட்டியாகப் பறந்து விழும். கயிற்றைச் சோதித்து, கூரையும் கூட்டமும் இல்லாத வெளியில் பெரிய பிள்ளைகள் மட்டும் சுற்றட்டும். கோயிலில் சொக்கப்பனை கொளுத்தும்போது, மரத்தின் உயரத்தைவிடக் கூடுதலான தூரத்தில் நில்லுங்கள். எரிந்த மரம் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல முடியாது. அதன் கரியை வீட்டுக்கும் வயலுக்கும் எடுத்துப் போக விரும்புகிறவர்கள், நன்றாக ஆறிய பிறகு எடுங்கள்.

போகித் தீ

போகியன்று எரிக்க வேண்டியது கிழிந்த பாய், தேய்ந்த துடைப்பம், காய்ந்த குப்பை போன்றவை. டயர், பிளாஸ்டிக், ரப்பர் செருப்பு ஆகியவற்றைப் போட்டால் நச்சுப்புகை எழும். பனியோடு சேர்ந்து அது மேலே போகாமல் நம் வீட்டுக்குள்ளேயே தங்கும். 2018 போகியன்று சென்னையில் பனியும் புகையும் சேர்ந்து விமானங்களே நேரத்துக்கு இறங்க முடியாமல் போயிற்று. அந்தப் புகையைத் தொட்டில் குழந்தையும் சுவாசிக்கிறது.

பூச்சிமருந்து டப்பா, கொசு மருந்து அடைத்த தகரக் குப்பி, பழைய பேட்டரி இவற்றை நெருப்பில் எறியக் கூடாது. அடைத்த குப்பி குண்டு போல வெடிக்கும். தீ சரியாகப் பிடிக்கவில்லை என்று பெட்ரோலோ மண்ணெண்ணெயோ ஊற்றாதீர்கள். தீ ஊற்றுகிறவர் கைக்கே ஏறி வரும்.

வீட்டுச் சுவரிலிருந்தும் மின்கம்பியிலிருந்தும் தள்ளி, சிறிய அளவில் மூட்டுங்கள். முடிந்ததும் வெறும் சாம்பலாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டுப் போகாதீர்கள். மேலே வெள்ளைச் சாம்பல், அடியில் கனல். பல மணி நேரம் ஆனாலும் சூடு இருக்கும். பொங்கல் கோலம் பார்க்க ஓடி வரும் குழந்தை அதில் கால் வைத்துவிடும். தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி தண்ணீர் ஊற்றி அணைத்த பிறகே அந்த இடத்தை விட்டு நகர வேண்டும்.

சுட்டுவிட்டால் என்ன செய்வது

இத்தனை கவனத்துக்குப் பிறகும் விபத்து நடக்கலாம். அப்போது பதறாமல் செய்ய வேண்டியதை மனதில் பதிய வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, துணியில் தீப்பிடித்தால் ஓடக் கூடாது. ஓடினால் காற்றில் தீ வளரும். அப்படியே தரையில் படுத்து உருள வேண்டும். மற்றவர்கள் கம்பளியையோ கனத்த பருத்திப் போர்வையையோ போர்த்தி அமுக்கி அணைக்கலாம். தண்ணீரும் ஊற்றலாம்.

இரண்டாவது, தண்ணீர். சுட்ட இடத்தில் சுத்தமான சாதாரணத் தண்ணீரை 20 நிமிடம் ஓடவிடுங்கள். ஒரு உலை அரிசி வெந்து வடிக்கிற நேரம். குழாய் இல்லாவிட்டால் குடத்திலிருந்து சொம்பால் மொண்டு மொண்டு ஊற்றுங்கள். சூடு தோலுக்கு மேலே மட்டும் இருப்பதில்லை, உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும். தண்ணீர்தான் அதைத் தடுத்து நிறுத்துகிறது. உடனே செய்ய முடியாமல் போனாலும், சுட்ட 3 மணி நேரத்துக்குள் செய்தால் பலன் உண்டு. தண்ணீர் பட்டதால் கொப்புளம் வருவதில்லை. கொப்புளம் நெருப்பினால் வருவது. ஐஸ் கட்டி வைக்கக் கூடாது. சின்னக் குழந்தைக்குச் சுட்ட இடத்தில் மட்டும் ஊற்றி, மற்ற உடம்பைத் துணியால் போர்த்துங்கள். இல்லையென்றால் குளிரில் நடுங்கிவிடும்.

மூன்றாவது, மோதிரம், வளையல், கொலுசு, மெட்டி, அரைஞாண் எல்லாவற்றையும் வீங்கும் முன்பே கழற்றுங்கள். தோலோடு ஒட்டிய துணியை மட்டும் பிய்க்க வேண்டாம்.

நான்காவது, துவைத்த சுத்தமான பருத்தித் துணியால் தளர்வாக மூடி மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

செய்யக் கூடாதவை: பற்பசை, பேனா மை, இட்லி மாவு, மஞ்சள், வெண்ணெய், தேங்காய் எண்ணெய், பச்சிலை எதையும் தடவ வேண்டாம். கொப்புளத்தை உடைக்க வேண்டாம். மயக்கமாக இருப்பவர் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம்.

கண்ணில் பட்டால்

வெடித்தவரை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தவர் கண்ணில் பாய்வதும் உண்டு. கண்ணைக் கசக்கக் கூடாது, அமுக்கக் கூடாது. மருந்துத் தூள் மட்டும் விழுந்திருந்தால் சுத்தமான தண்ணீரால் கழுவுங்கள். ஏதாவது குத்தியிருந்தாலோ, இரத்தம் வந்தாலோ கழுவவும் வேண்டாம், குத்தியதைப் பிடுங்கவும் வேண்டாம். கண்ணில் படாதபடி ஒரு சுத்தமான காகிதக் குவளையைக் கவிழ்த்து மேலே ஒட்டி, நேராகக் கண் மருத்துவர் உள்ள மருத்துவமனைக்குப் போங்கள். தாய்ப்பால் பீய்ச்சுவது, விளக்கெண்ணெய் விடுவது இரண்டும் தவறு. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து என்ன பயன்?

எப்போது மருத்துவமனைக்குப் போக வேண்டும்

சுட்டவருடைய உள்ளங்கை அளவுக்கு மேல் புண் இருந்தால், முகம், கை, பாதம், மூட்டு, மறைவிடம் இவற்றில் பட்டிருந்தால், குழந்தையோ கர்ப்பிணியோ முதியவரோ ஆனால், புகையை நிறைய விழுங்கியிருந்தால், உடனே 108-க்குச் சொல்லுங்கள். தோல் வெளுத்தோ கருகியோ இருந்து வலியே தெரியவில்லை என்றால், சின்னக் காயம் என்று ஏமாந்துவிடாதீர்கள். ஆழமாக வெந்தால் வலி தெரியாது. சிறிய காயமானாலும் இரணஜன்னி தடுப்பூசி போட வேண்டுமா என்று கேளுங்கள். புண் ஆறும் காலத்தில் மருத்துவர் சொல்லிக் கொடுத்த கை கால் பயிற்சியை, வலிக்கிறது என்று நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால்தான் விரல் மடங்கிப் போகும்.

நீங்கள் கேட்கும் கேள்விகள்

"எங்க தாத்தா காலத்துலேர்ந்து வெடிக்கிறோம், என்ன ஆயிடுச்சு?" என்று ஒரு பெரியவர் கேட்டார். ஐயா, உங்கள் வீட்டில் ஒன்றும் ஆகவில்லை என்பது சந்தோஷம். ஆனவர்கள் வீட்டில் போய்க் கேட்டால் வேறு பதில் கிடைக்கும். விளையாட்டு வினையாகும் என்று சொன்னதும் தாத்தா காலத்தவர்தான்.

"பிள்ளை அழுதா என்னம்மா செய்யறது?" என்று ஒரு தங்கை கேட்டாள். அழட்டும் அம்மா. ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தள்ளி நின்று வேடிக்கை காட்டு. ஆனால் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நீ மத்தாப்புப் பிடிக்காதே. பத்து நிமிடம் அழுதால் ஒரு அதிரசத்தில் சமாதானமாகிவிடும்.

"அப்போ பட்டாசே வேண்டாம்னு சொல்றீங்களா?" என்றும் கேட்டார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. சிவகாசிப் பக்கத்தில் எத்தனையோ குடும்பங்கள் அந்தத் தொழிலை நம்பி இருக்கின்றன. பிள்ளைகளுக்கும் வருஷத்தில் ஒரு நாள் சந்தோஷம் வேண்டும். குறைவாக வாங்குங்கள், கூடவே நில்லுங்கள், தண்ணீரைப் பக்கத்தில் வையுங்கள். இவ்வளவுதான் கேட்கிறேன்.

முடிவாக

இன்று இரவு வீட்டுக்குப் போனதும் கணவனும் மனைவியும் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேசுங்கள். எவ்வளவுக்கு வாங்குவது, எங்கே வைப்பது, யார் கூட நிற்பது, மறுநாள் யார் பார்த்துக்கொள்வது, சுட்டால் எந்தக் குழாய்க்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது. இந்த ஐந்துக்கும் பதில் தெரிந்த வீட்டில் பயமில்லாமல் தீபாவளி கொண்டாடலாம். 108, 101 இரண்டு எண்களையும் சுவரில் கரியால் எழுதி வையுங்கள்.

அந்தப் பையனின் தாய் இப்போது ஒவ்வொரு தீபாவளிக்கும் தன் வாசலில் இரண்டு குடம் தண்ணீர் வைத்துவிட்டு, தெருப் பிள்ளைகள் எல்லோருக்கும் காவலாக நிற்கிறார். மறுநாள் விடிந்ததும் தெருவைப் பெருக்குவதும் அவர்தான். "என் பிள்ளைக்குத் தெரியாமப் போச்சு, மத்தப் பிள்ளைங்களுக்காவது தெரியட்டும்மா" என்கிறார். ஒரு தெருவுக்கு அப்படி ஒருவர் இருந்தால், என்னைப் போன்றவர்களுக்குப் பண்டிகையன்று வேலை இருக்காது. வேலையில்லாமல் இருக்கத்தான் நானும் ஆசைப்படுகிறேன்.

உங்கள் எல்லோருடைய வீட்டிலும் விளக்கு மட்டும் எரியட்டும்.